புது பிஸ்டல் முதல் நாளே மக்கர் பண்ணினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சிலிருந்து வீடு திரும்பும் வழியில் யாராவது ஒருவர் போன் போட்டுவிடுவார். "அண்ணா, புதுசா வாங்கினேன். ஐம்பது ரவுண்டுல நாலு தடவை சிக்கிருச்சு. ஏமாத்திட்டாங்களா?" டெக்சாஸில் என் நட்பு வட்டத்தில் பிஸ்டல் வாங்கியவர்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

நான் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் இல்லை, வக்கீலும் இல்லை. பழுதான ஒரு பிஸ்டலைப் புதிதாக வாங்கி, மூன்று வாரம் என் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் கம்பெனிக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கியவன், அவ்வளவுதான். கீழே இருப்பது அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தை வைத்துச் சொன்னது. கலிபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் இதற்கு மேலும் விதிகள் உண்டு. பேச்சு முழுக்க சாதாரண 9 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலைப் பற்றியது.

சுட்டுக்கொண்டிருக்கும்போதே சிக்கிக்கொண்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரலை ட்ரிக்கரிலிருந்து, அதாவது விசையிலிருந்து, எடுங்கள். புதியவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே "இங்க பாருங்க, என்னமோ ஆயிருச்சு" என்று பின்னால் நிற்பவர் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அப்படித் திரும்பி, நாங்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விசையை இழுத்தும் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், அப்படியே இலக்கை நோக்கிப் பிடித்து 30 விநாடி காத்திருங்கள். தோட்டா தாமதமாக வெடிக்கலாம். பிறகு மேகசினை (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) இழுத்து, உள்ளே கண்ணால் பாருங்கள். வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று சன்னமாக வந்து, கையில் உதையும் குறைவாக இருந்தால், அத்தோடு நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். இது துப்பாக்கியின் குறையாக இல்லாமல் தோட்டாவின் குறையாகவும் இருக்கலாம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறந்தால் குழலுக்குள் கரி படிந்திருக்கிறது. பழைய துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. தொழிற்சாலையிலேயே சில ரவுண்டு சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். சில கம்பெனிகள் அப்படிச் சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் வெற்றுக்கூடுகளை ஒரு சின்ன உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கும். மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்கள் ஒரு காலத்தில் அந்தக் கூடுகளை அரசுக்கு ஒப்படைக்கச் சொன்னதால் வந்த பழக்கம் அது. மேரிலாந்து அந்தச் சட்டத்தை 2015-இல் கைவிட்டது. குளோக் வாங்கியவர்கள் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் கிரீஸ் மாதிரி ஒன்றைப் பார்த்துப் பதறுவார்கள். அதைத் துடைக்காதீர்கள், இருக்கட்டும் என்றுதான் கம்பெனியே சொல்கிறது.

இது தயாரிப்புக் குறையா, என் கைக்கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கதையைச் சொல்கிறேன். முதல் நாள் 50 ரவுண்டில் நான்கு முறை வெற்றுக்கூடு வெளியே போகாமல், ஸ்லைடின் வாயில் அடுப்புப் புகைக்குழாய் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த அனுபவசாலி ஒருவர் "மணிக்கட்டைத் தளர்வா பிடிக்கறீங்க" என்றார். உண்மையிலேயே அப்படியும் நடக்கும். பிஸ்டலின் அடிப்பாகம் கையில் உறுதியாக நிற்காவிட்டால் ஸ்லைடு முழு தூரம் பின்னால் போகாது, கூடு சரியாக வெளியே தள்ளப்படாது. சிறிய, எடை குறைந்த பிஸ்டல்களில் இது இன்னும் அதிகம். அதனால் நானும் மூன்று வாரம் பிடியைத் திருத்தித் திருத்திச் சுட்டேன். தோட்டாச் செலவுதான் மிச்சம்.

கடைசியில் வழி காட்டியது ஒரு மார்க்கர் பேனாவும் பழைய நோட்டும்தான். மேகசின்களின் அடியில் 1, 2 என்று எழுதினேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். அதே தோட்டா, வேறு மேகசின். அதே மேகசின், வேறு தோட்டா: குண்டின் எடை 115 கிரெய்னுக்குப் பதில் 124 கிரெய்ன், வேறு கம்பெனி. பிறகு அதே துப்பாக்கியை வருஷக்கணக்காகச் சுடும் ஒரு நண்பரின் கையில் கொடுத்தேன். நோட்டில் இப்படித்தான் இருந்தது: "மேகசின் 1, 124 கி., நான், 50-இல் 3. மேகசின் 2, 124 கி., நான், 50-இல் 4. மேகசின் 2, 124 கி., அவர், 50-இல் 4." யார் சுட்டாலும், எதைப் போட்டாலும் சிக்கியது. அப்போதுதான் என் மணிக்கட்டுக்கு விடுதலை கிடைத்தது. கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் பிசிறு இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

அடையாளங்களை வைத்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஒரு மேகசினில் மட்டும் சிக்கினால் குற்றவாளி மேகசின்தான், அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். தோட்டாவின் மூக்கு கீழே குத்திக்கொண்டு நின்றாலும் முதலில் மேகசினைச் சந்தேகப்படுங்கள். கூடு, தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டால் கோளாறு கொக்கியில் அல்லது அறையில். தோட்டாவின் பின்னால் தீப்பொறி தரும் பிரைமரில் மெல்லிய பள்ளம் மட்டும் விழுந்து வெடிக்காமல் போனால், அதே தோட்டாவை வேறொரு பிஸ்டலில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வெடிக்காவிட்டால் துப்பாக்கி நிரபராதி.

எந்தக் குறை வந்தால் ஒரு ரவுண்டு கூடச் சுடக் கூடாது?

மேலே சொன்ன சோதனையெல்லாம் வெறும் சிக்கலுக்கு. கீழே உள்ளவை வந்தால் சோதனையே வேண்டாம், பெட்டியில் வைத்து மூடுங்கள். ஸ்லைடு மூடும்போதே விசையைத் தொடாமல் வெடிப்பது. ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா போவது. சேஃப்டி போட்டிருந்தும் வெடிப்பது. ஸ்லைடிலோ ஃப்ரேமிலோ (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) விரிசல். வெளியே வரும் கூடுகள் வீங்கியோ பிளந்தோ இருப்பது. காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீளவாட்டில் கிழிசல் விழுவது, அதாவது குண்டு குப்புறப் புரண்டு போகிறது.

இரட்டை வெடி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. விசையை ஒரு தடவை இயக்கி ஒன்றுக்கு மேல் சுட்டால் கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறையில் அது மெஷின் கன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் "பார்றா, ரெண்டு ரெண்டா போகுது" என்று நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாமே.

"500 ரவுண்டு போனால் தானா சரியாயிடும்" என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. புது ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும், உரசும் பாகங்கள் பழக வேண்டும். இறுக்கமாகச் செய்யப்படும் 1911 என்ற மாடல் வகைப் பிஸ்டல்களுக்குச் சில கம்பெனிகள் கையேட்டிலேயே பழக்கும் காலம் என்று ஒன்று போட்டிருக்கும். உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் அதன்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் வாரண்டிக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.

எனக்குப் பிடித்த அளவுகோல் கலிபோர்னியாவினுடையது. அந்த மாநிலத்தில் விற்பனைக்கு அனுமதிக்கும் முன் ஒரே மாடலில் மூன்று பிஸ்டல்களை எடுத்து ஒவ்வொன்றிலும் 600 ரவுண்டு சுடுகிறார்கள். முதல் 20-இல் ஒரு கோளாறும் வரக் கூடாது, 600 முடிவதற்குள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. அதாவது நூற்றுக்கு ஒன்று. உங்களுடையது 50-க்கு நான்கு என்றால் பழகும் காலம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நல்ல தோட்டா, சுத்தம் செய்து எண்ணெய் போட்ட துப்பாக்கி, 200 ரவுண்டு. அதற்குள் அடங்காதது கம்பெனிக்குப் போக வேண்டியது என்பது என் கணக்கு.

கடையில் திருப்பிக் கொடுக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. வாங்குபவருக்கான கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, கடைக்காரரின் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் அது பழைய துப்பாக்கி. திரும்ப எடுத்தாலும் அவர் புதிது என்று விற்க முடியாது. ஆனால் "எங்களுக்குச் சம்பந்தமே இல்லை" என்று கடைக்காரர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். விற்ற பொருள் அதன் சாதாரண வேலைக்குப் பொருந்த வேண்டும் என்ற பொறுப்பு, எழுத்தில் மறுக்காத வரை, விற்பவருக்கும் உண்டு. தினமும் கம்பெனிகளோடு பேசும் கடை என்றால் உங்களுக்காக அவர்களே அனுப்பி வைப்பதும் உண்டு. சண்டைக்குப் போகாமல் முதலில் அதைக் கேளுங்கள்.

பார்க்க வேண்டிய நேரம் கையெழுத்துப் போடுவதற்கு முன்புதான். இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி உள்ளூர் டீலரிடம்தான் வந்து இறங்கும். அங்கே அவசரப்படாதீர்கள். ஃப்ரேமில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா? குறிபார்க்கும் சைட் கோணலாக இருக்கிறதா? மேகசின் தடையில்லாமல் விழுகிறதா? ஸ்லைடு கரகரக்கிறதா? டீலரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். குறை தெரிந்தால் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டாம் என்று மறுத்துவிடலாம், அது வந்த வழியே திரும்பிப் போகும்.

கம்பெனிக்கு என்ன எழுதுவது?

என் முதல் மின்னஞ்சல் இது: "உங்கள் பிஸ்டல் சரியாக வேலை செய்யவில்லை, மிகுந்த ஏமாற்றம்." வந்த பதில்: சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். இரண்டாவது மின்னஞ்சலில் மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, மொத்தம் சுட்ட ரவுண்டு, தோட்டாவின் கம்பெனியும் எடையும், எந்த மேகசினில் எத்தனை முறை, எத்தனை பேர் சுட்டார்கள் என்று நோட்டில் இருந்ததை அப்படியே எழுதி, கூடு நட்டுக்கொண்டு நிற்கும் படம் இரண்டை இணைத்தேன். இரண்டே நாளில் அனுப்புவதற்கான லேபிளும் இந்தப் பழுதுக்கென்று ஒரு எண்ணும் வந்தன. கோபத்தைக் கொட்டுவதால் பயனில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு நாளைக்கு இதுபோல் பலவற்றைப் பார்ப்பவர். அவருக்கு வேண்டியது, "இது இவர் கை இல்லை" என்று மேலாளரிடம் காட்ட ஒரு காரணம்.

பழைய கூட்டில் மறுபடி நிரப்பி ரீலோடு செய்த தோட்டா போட்டுச் சுட்டிருந்தால் பல வாரண்டிகள் கைவிரித்துவிடும். வெளியில் வாங்கிய ட்ரிக்கர் மாட்டியிருந்தாலும் அப்படித்தான்.

எப்படி அனுப்புவது? தபாலில் போடலாமா?

தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தனியார் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பத் தடை 1927-லேயே சட்டமானது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் 2022-இல் உரிமம் இல்லாத தனிநபர்களிடம் துப்பாக்கிப் பார்சலை ஏற்பதை நிறுத்தின. அதனால் சரியான வழி கம்பெனியிடம் லேபிள் கேட்பது. அது முடியாவிட்டால் உள்ளூர் டீலர் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பித் தருவார்.

பெட்டியில் வைக்கும் முன் மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று பார்த்து, விரலையும் விட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டியில் ஒரு தோட்டா கூடப் போகக் கூடாது, "இந்தத் தோட்டாலதான் பிரச்சினை" என்று மாதிரிக்குக்கூட. வெளியே துப்பாக்கி என்று தெரிகிற மாதிரி எதுவும் எழுதாதீர்கள். குறிபார்க்க மாட்டிய ரெட் டாட், லைட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மேகசினை, சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பிருந்தால் மட்டும், எண்ணிக்கையைத் தாளில் எழுதி அனுப்புங்கள். நான் இரண்டு அனுப்பினேன், ஒன்று திரும்பி வந்தது. "ஒன்றுதான் வந்தது" என்றார்கள். படம் எடுத்து வைத்திருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

திரும்ப வரும்போது மறுபடியும் பின்னணிச் சோதனையா?

கூட்டாட்சி விதிப்படி வேண்டியதில்லை. பழுதுபார்க்கப் போன துப்பாக்கியை அனுப்பியவரின் வீட்டுக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம், புது 4473 தேவையில்லை. சரிசெய்ய முடியாமல் அதே வகைத் துப்பாக்கியை மாற்றாகத் தந்தாலும் அதே விதிதான். சீரியல் நம்பர் மாறினால் டீலர் வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லும் மாநிலங்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பார்சலை வாங்க வயது வந்த ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஊரில் இல்லை. எச்1பி விசாவில் இருக்கும் அறைத்தோழரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லலாமா?

வேண்டாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால், கூட்டாட்சிக் குற்றம். ஐந்து நிமிட உதவிக்கு அவருடைய விசா பலியாக வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

இவ்வளவு ஆபத்தான பொருளுக்கு அரசாங்கம் ரீகால் (விற்றதைத் திரும்ப அழைப்பது) அறிவிக்காதா?

அறிவிக்காது, அறிவிக்கவும் முடியாது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972 சட்டத்தால் உருவானபோதே துப்பாக்கி அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டது. தோட்டாவை வைத்துச் சுற்றி வளைத்து உள்ளே வர முடியுமா என்ற கேள்வி எழுந்தபோது, 1976-இல் நாடாளுமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. டோஸ்டர் தீப்பிடித்தால் அந்த ஆணையம் ரீகால் செய்ய வைக்கும். பொம்மைத் துப்பாக்கியும் அதன் கண்காணிப்பில் வரும். நிஜத் துப்பாக்கி வராது. எனவே ரீகால் என்பது கம்பெனி தானாக அறிவிப்பதுதான்.

தானாக அறிவித்தவை நிறைய. 2008-இல் ரூகர், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று தன் எல்சிபி பாக்கெட் பிஸ்டல்களைத் திரும்ப அழைத்தது. 2011-இல் குளோக் நான்காம் தலைமுறைப் பிஸ்டல்களில் ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை இலவசமாக மாற்றித் தந்தது. 2013-இல் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆர்மரி, ஸ்லைடு மூடும்போது தானே வெடிக்கும் வாய்ப்பு இருப்பதாக எக்ஸ்டி-எஸ் மாடலை அழைத்தது. ரெமிங்டனின் ஆர்51 இன்னும் மோசம்: 2014-இல் கடைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வார்த்தையையும் கவனியுங்கள். 2017 ஆகஸ்டில் சிக் சாவரின் பி320, ஸ்லைடின் பின்பக்கம் தரையில் மோதும் கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று சிலர் சோதித்துக் காட்டினார்கள். வழக்கமான விழும் சோதனைகளில் அந்தக் கோணம் இல்லை. விழுந்த வேகத்தில் விசையின் எடையே விசையை இழுத்துவிடுகிறது என்பதால் எடை குறைந்த விசை, வேறு சில உள்பாகங்கள் என்று இலவசமாக மாற்றித் தந்தார்கள். ஆனால் அதற்கு அவர்கள் வைத்த பெயர் ரீகால் இல்லை, விருப்பப்பட்டவர்களுக்கான மேம்படுத்தல். அதனால் கம்பெனியின் தளத்தில் 'ரீகால்' என்று மட்டும் தேடினால் சில விஷயங்கள் கண்ணில் படாது. உங்கள் சீரியல் நம்பரைக் கம்பெனியிடம் பதிவு செய்து வைப்பதுதான் பாதுகாப்பு.

கேஸ் போடலாமா? துப்பாக்கிக் கம்பெனிகள் மீது வழக்கே போட முடியாது என்கிறார்களே?

அது 2005-இல் வந்த சட்டத்தைப் பற்றிய பாதித் தகவல். துப்பாக்கியை ஒரு குற்றவாளி தவறாகப் பயன்படுத்தியதற்குக் கம்பெனியைப் பொறுப்பாக்கும் வழக்குகளைத்தான் அது பெரும்பாலும் தடுக்கிறது. சரியாகப் பயன்படுத்தியும் தயாரிப்பு, வடிவமைப்புக் குறையால் காயமோ சேதமோ நேர்ந்தால், அல்லது வாரண்டியை மீறினால், வழக்குக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. டாரஸ் கம்பெனியின் ஒன்பது மாடல்கள், ஏறத்தாழ 10 லட்சம் பிஸ்டல்கள், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற கூட்டு வழக்கு, தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்தில் முடிந்தது.

காயம் ஏதும் இல்லை, துப்பாக்கி மட்டும்தான் சரியில்லை என்றால் வாரண்டி, மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார், சிறு தாவா நீதிமன்றம் என்ற வரிசையில் போகலாம். எழுத்தில் தந்த வாரண்டியை மீறினால் கேள்வி கேட்க 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் உண்டு. பழுதான புதுக் காருக்கு இருக்கும் நுகர்வோர் சட்டமான 'லெமன் லா' துப்பாக்கிக்கும் வரும் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் கதையே வேறு. துப்பாக்கியைக் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள். சுத்தம் செய்யாதீர்கள், கழற்றாதீர்கள். மீதித் தோட்டா, பெட்டி, அதில் அச்சிட்ட லாட் எண், கூடுகள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்து முதலில் வக்கீலைப் பாருங்கள். அனுப்பிவிட்டால் உங்கள் சாட்சி அவர்கள் மேஜையில் பிரிக்கப்பட்டுக் கிடக்கும்.

வீடியோ பார்த்து நானே அரம் போட்டுச் சரிசெய்யலாமா?

கூடாது. வாரண்டியும் போகும், குறை யாருடையது என்ற வழக்கும் போகும்.

சரியாகி வந்துவிட்டது. இனி நம்பலாமா?

என்னுடையது 23 நாளில் வந்தது. கூடவே ஒரு தாள்: "எக்ஸ்ட்ராக்டர் மாற்றப்பட்டது. சுட்டுச் சரிபார்க்கப்பட்டது." அவ்வளவுதான். அவர்கள் எத்தனை ரவுண்டு சுட்டார்களோ தெரியாது. எனவே பழைய நோட்டை எடுத்து, முன்பு சிக்கிய அதே தோட்டா, மிஞ்சிய அதே மேகசினோடு 200 ரவுண்டு சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. பாதுகாப்புக்கென்று வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், அதற்குப் போடப்போகும் முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவிலும் கொஞ்சம் சுட்டுப் பார்க்க வேண்டும். விலை அதிகம்தான், ஆனாலும்.

அதே குறை இரண்டாவது முறையும் வந்தால் பழைய எண்ணைக் குறிப்பிட்டு, பழுதுபார்க்க வேண்டாம், மாற்றித் தாருங்கள் என்று எழுதுங்கள். தானாகத் தர மாட்டார்கள். கேட்டவர்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

அலைய முடியவில்லை. யாருக்காவது விற்றுத் தொலைத்துவிடலாமா?

விற்கலாம். தனிநபருக்கு விற்றால் அவர் உங்கள் மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும், சில மாநிலங்களில் அதுவும் டீலர் வழியாகத்தான். குறையை எழுதிக் கொடுத்து விலையைக் குறைத்து விற்றால் சரி. ஸ்லைடு மூடும்போது வெடிக்கிற வகைக் குறையென்றால் எவ்வளவு குறைத்தும் விற்காதீர்கள், கம்பெனிக்கே அனுப்புங்கள்.